கண்காட்சிக்குக் கிளம்பும் முன் ஒரு டீ

நூல், கயிறு, துணி, நார், ஓலை இவற்றால் மட்டுமே ஆன கலைப்படைப்புகளை வைத்து நடக்கும் கண்காட்சிக்கு நம்மில் பலர் போனதில்லை. துணிக் கண்காட்சி என்றாலே ஆடித் தள்ளுபடியும், மேசைமேல் அடுக்கிய சேலைகளும், விலைச்சீட்டும்தான் கண்முன் வரும். நான் சொல்கிற இடத்தில் எதையும் உடுத்த முடியாது, விரித்துப் படுக்க முடியாது. கூரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கயிற்று முடிச்சு ஒன்று தொங்கும். ஒரு சுவர் முழுக்கக் கிழிசல் துணியும், அதன்மேல் சிவப்பு நூல் தையலும் இருக்கும். தரையில் பிரிந்து கிடக்கும் பாவு நூல்தான் படைப்பு என்று பக்கத்தில் சீட்டு ஒட்டியிருப்பார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் பத்து நிமிடத்தில் வெளியேறிவிடுகிறார்கள். அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையில் இருக்கும் என் அத்தாச்சிக்கு அந்தச் சிக்கல்தான் வந்தது. வீட்டுத் திண்ணையிலேயே தையல் மிஷின் போட்டு ஊரில் பாதிப்பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். மகள் சென்னையில் துணி வடிவமைப்பு படிக்கிறாள். வகுப்பில் எல்லாரும் செய்ததைக் காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம், அம்மா கட்டாயம் வர வேண்டுமாம். நான் போயிருந்தபோது மிஷினை நிறுத்திவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“ஏன் தம்பி, துணிய மாட்டி வெச்சா அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு? பொண்ணு முன்னாடி நான் என்னத்தச் சொல்றது?”

அவருக்கு நான் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அவரைப் போன்றவர்கள்தான் இந்தக் கலைக்கு மிகச் சரியான பார்வையாளர்கள் என்பது என் உறுதியான எண்ணம். கலைக்கல்லூரி வாசலைத் தொடாதவர்கள் இதைப் பார்க்கத் தகுதியில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊசி பிடித்த கைக்குத் தெரிவது, தூரிகையை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எளிதில் பிடிபடாது.

முதலில் ஓர் அடிப்படை. எண்ணெய் ஓவியம் பெரும்பாலும் துணிமேல்தான் வரையப்படுகிறது. கித்தானை இழுத்துச் சட்டத்தில் அடித்து, அதன்மேல் பூச்சு பூசி, பிறகு வண்ணம் தீட்டுவார்கள். துணி அடியில் இருப்பது பெரும்பாலும் நம் கண்ணில் படாது.  நூலும் கயிறும் நாரும் கொண்டு செய்யும் இந்த நார்க்கலை அந்தப் பூச்சை எடுத்துப் போட்டுவிடுகிறது. இழை எப்படிப் போகிறது, எங்கே முடிச்சு விழுகிறது, எங்கே தளர்கிறது, எங்கே இறுகுகிறது என்பதே இங்கே படைப்பின் பேச்சு. ஆகவே “இது என்ன உருவம்?” என்று முதலில் கேட்டால் விடை கிடைக்காமல் போகலாம். “இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்?” என்று கேட்டால் கண்டிப்பாகக் கிடைக்கும். அந்த விடையைப் பிடித்துக்கொண்டு போனால் உருவமும் பொருளும் பின்னாலேயே வரும்.

அத்தாச்சி உடனே கேட்டார்: “அப்ப நம்ம தேருல தொங்குமே தொம்பை, அதும் இதுல சேர்த்தியா?”

சேர்த்திதான். பங்குனியில் முத்துமாரியம்மன் தேரோட்டத்துக்கு மாவட்டமே நார்த்தாமலையில் கூடும். அப்போது தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பையைக் கூட்ட நெரிசலில் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒரு தொம்பையை இறக்கிக் கையில் வைத்துப் பாருங்கள். நீளமான துணிக்குழல். பெரும்பாலும் சிவப்பு அடித்துணி. அதன்மேல் வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலத் துணிகளைத் தாமரையாக, யாளியாக, கிளியாக, இலைக்கொடியாக வெட்டி, விளிம்பை உள்ளே மடித்து ஒட்டுத்தையல் போட்டிருப்பார்கள். ஒரு தாமரைக்கே இரண்டு மூன்று அடுக்கு இருக்கும். பெரிய வெள்ளை இதழ்மேல் சிறிய மஞ்சள் இதழ், அதன்மேல் சிவப்புப் பொட்டு. வண்ணம் தீட்டிய கோடு ஒன்றுகூட இல்லை. ஒரு துணி முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம்தான் கோடு. கீழே சுருக்குவைத்துத் தைத்த குஞ்சம். தேர் அசைய அசைய இந்தக் குழல் ஆடும், தன்னைத்தானே சுற்றும். மறுபக்கம் இருந்த யாளி இந்தப் பக்கம் வரும். நின்ற இடத்திலிருந்து முழுதாக ஒருபோதும் பார்த்து முடிக்க முடியாது. காற்றையும் அசைவையும் கணக்கில் வைத்துத்தான் அதைத் தைத்தவர் தைத்திருக்கிறார்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இந்தத் தையல் வேலை தலைமுறைகளாக நடக்கிறது. வரைந்து சாயமேற்றும் தொம்பையும் உண்டு. தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் அரியலூர் மாவட்டத்துக் கருப்பூரிலும் இப்படித் துணியில் எழுதிச் சாயமேற்றும் கலம்காரிக்காரர்கள் கோயிலுக்குத் தொம்பையும் தோரணமும் விதானத் துணியும் எழுதிக் கொடுத்தவர்கள். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகவே கூரையிலிருந்து தொங்கும் துணியை அண்ணாந்து பார்ப்பது நமக்குப் புதிதல்ல. மாறியிருப்பது இடம்தான். தேரடியிலிருந்து வெள்ளைச் சுவர் அறைக்கு வந்திருக்கிறது.

இடம் மாறியதால் வேறு சிலவும் மாறின. அதைப் புரிந்துகொள்ள நெசவின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும்.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. குறுக்கே நாடா கொண்டுபோவது ஊடை. பாவு இழைகள் ஒன்றோடொன்று சிக்காமல், சம இடைவெளியில், நேர்கோடாக நிற்கவேண்டும். அதற்குச் சீப்புப் பற்களாக அமைந்த அச்சு இருக்கிறது. ஒவ்வொரு பல்லிடையிலும் இழையைக் கோத்திருப்பார்கள். ஊடை போனதும் அச்சை இழுத்து அடித்தால் துணி இறுகும். துணி நேராக, ஒரே அகலத்தில், ஒரே நெருக்கத்தில் வருவதற்கு அச்சுதான் காரணம்.

மும்பையில் மோனிகா கொரியா என்ற நெசவுக் கலைஞர் 1960களின் தொடக்கத்தில் தறி கற்றார். நெய்துகொண்டிருக்கும்போதே அவர் ஒரு கட்டத்தில் அச்சைக் கழற்றிவிடத் தொடங்கினார். அத்தாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அச்சு இல்லாட்டி நூலு இஷ்டத்துக்கு ஓடிருமே தம்பி!” ஓடத்தான் செய்தது. அதுவரை நேராக நின்ற பாவு இழைகள் வளைந்தன, ஒன்றையொன்று நெருங்கின, விலகின, நடுவில் வெளி விட்டன. மறுபடி அச்சைப் பூட்டியதும் நேராகின. ஒரே துணியில் கட்டுப்பாடும் விடுதலையும் அடுத்தடுத்து வந்தன. அவருடைய துணிகளில் மரமாகவும் ஆறாகவும் நமக்குத் தெரிபவை இப்படி விட்டுக்கொடுத்த இழைகளால் ஆனவை. அச்சு என்ன செய்யும் என்று தெரியாதவர் இதை அழகான திரைச்சீலை என்று கடந்துபோவார். தெரிந்தவருக்கு அந்த வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு துணிச்சல் தெரியும். கண்காட்சியில் எந்த நெசவுப் படைப்பின் முன் நின்றாலும், வழக்கமாகச் செய்யவேண்டிய எதை இவர் செய்யாமல் விட்டிருக்கிறார் என்று தேடுங்கள் என்றேன். விளிம்பை மடித்துத் தைக்காமல் விட்டிருக்கிறாரா? முடிச்சை உள்ளே மறைக்காமல் வெளியே நிறுத்தியிருக்கிறாரா? எம்மிங் போடாத ஓரத்தை அத்தாச்சி ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். ரவிக்கையில் அது பிழை. அங்கே அது வேண்டுமென்றே எடுத்த முடிவாக இருக்கலாம். ஏன் எடுத்தார் என்பதுதான் கேள்வி.

அடுத்துச் சொல்லவேண்டியவர் மிருணாளினி முகர்ஜி. இந்திய நார்க்கலையில் ஒரே ஒருவரை மட்டும் பார்க்க நேரமிருந்தால் இவரைப் பாருங்கள் என்பேன். 1949இல் பிறந்தவர். சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியின் மகள். பரோடாவில் கே. ஜி. சுப்ரமணியனிடம் படித்தார். சுப்ரமணியன் கேரளத்தில் பிறந்த தமிழர். பொம்மை, நெசவு, சுவரோவியம் என்று எதையும் கலைக்கு வெளியே நிறுத்தாதவர். மும்பை நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். அந்த ஆசிரியரிடம் படித்த மாணவி 1970களில் கையிலெடுத்தது கடையில் கிடைக்கும் சணல் கயிறு. அதற்குச் சாயமேற்றினார். தறி கிடையாது, ஊசி கிடையாது. விரலால் முடிச்சு, முடிச்சுமேல் முடிச்சு. ஓர் உருவம் முடிய மாதக்கணக்காகும். கனமான கயிறு தன் எடையால் தொங்கும், மடியும், பிதுங்கும். அந்த மடிப்பையே அவர் உடலாக்கினார். 1984இல் செய்த ‘யக்ஷி’ போன்ற உருவங்களின் முன் நின்றால் அது பெண்ணா, பூவா, மரமா, கோயிலில் இருக்கும் தெய்வமா என்று ஒரு பக்கமாகச் சொல்லிவிட முடியாது. 2015இல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். 2019இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது.

கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அத்தாச்சி பெரிதாக்கிப் பெரிதாக்கி முடிச்சைப் பார்த்தார். பிறகு, “மேலமலைக் குகையில இருக்குற பெருமாள் மாதிரி நிக்கிது” என்றார்.

இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது. மேலமலையில் விஜயாலய சோழீச்சரத்துக்கு எதிரே மலைச்சரிவில் சமணர் குடகு என்கிற குகை இருக்கிறது. அர்த்தமண்டபச் சுவரில் ஆளுயரத்தில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், ஒரே மாதிரி, வரிசையாக. இடையில் கட்டிய ஆடை, அதன்மேல் சுற்றிய கச்சு, பக்கத்தில் தொங்கும் முடிச்சு எல்லாம் கல்லில் செதுக்கியவை. கல்லைத் துணியாகத் தொங்கவைத்திருக்கிறான் சிற்பி. முகர்ஜி கயிற்றைக் கல்லாக நிற்கவைத்தார். நம் கோயில் சிற்பங்களையும், அவற்றுக்கு முன் போய் நிற்கும்போது உண்டாகும் மதிப்பையும் மனதில் வைத்தே அவர் வேலை செய்தார் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்வது. ஆகவே நார்த்தாமலைக்காரர் ஒருவர் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அந்த உருவங்கள் முன் போய் நின்றால் அந்நியமாக உணர வேண்டிய அவசியமே இல்லை. பார்த்துப் பழகிய கண்ணோடுதான் போகிறார்.

அப்படியானால் இதைக் கலை என்று ஒப்புக்கொள்ள உலகத்துக்கு ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? காரணம் எளிது, வருத்தமானதும்கூட. நூல் வேலை பெண்கள் வேலை, அல்லது கூலி வேலை என்று ஒதுக்கப்பட்டது. ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளி நவீன வடிவமைப்புக்கே முன்னோடி. அங்கே சேர்ந்த பெண்களைக்கூட நெசவுக்கூடத்தை நோக்கித்தான் தள்ளினார்கள். அப்படித் தள்ளப்பட்ட ஆனி ஆல்பர்ஸ் 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி வைத்தார். நெசவுக்காரர் ஒருவருக்கு அங்கே தனிக் கண்காட்சி என்பது அதுதான் முதல் தடவை. 1962 முதல் 1995 வரை சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் நெசவுக் கலைக்கென்று ஈராண்டுக் கண்காட்சிகள் நடந்தன. சுவரை ஒட்டித் தொங்கிய துணி அங்கேதான் சுவரை விட்டு அறைக்குள் நடந்து வந்தது. போலந்தின் மக்தலேனா அபகனோவிச் பழங்கயிற்றைப் பிரித்து, சாயமேற்றி, கூரையிலிருந்து தரைவரை நெய்து தொங்கவிட்டார். உள்ளே ஆள் போய் நிற்கலாம். அமெரிக்கரான ஷீலா ஹிக்ஸ் 1966இல் நம் பக்கத்துக் கோழிக்கோட்டுக்கு வந்து காமன்வெல்த் டிரஸ்ட் கைத்தறிகளில் வேலை செய்தவர். அங்கே நெய்த துணிக்கு அந்தப் பக்கத்து ஊரான வடகரையின் பெயரையே வைத்தார்.

தமிழ்நாட்டிலும் இதே கதைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1966இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அன்று நவீன ஓவியத்தை வாங்க ஆளில்லை. பாட்டிக் துணியும் மற்றக் கைவினைகளும் செய்து விற்ற காசில்தான் அந்த ஊர் எழுந்தது. மெழுகு தடவி, சாயத்தில் முக்கி, மெழுகை உருக்கி எடுத்த துணிதான் ஓவியர்களின் அடுப்பெரிய வைத்தது. ஆனால் சோழமண்டலத்தைப் பற்றிய புத்தகங்களில் நிறைந்திருப்பது ஓவியங்களும் சிற்பங்களும். பாட்டிக் ஒரு வரியில் முடிந்துவிடும். அதேபோல, ஓவியர் ரெட்டப்ப நாயுடு சென்னை நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றினார். வங்காள ஓவியர் ஜோகன் சௌத்ரி 1968 முதல் 1972 வரை அங்கேதான் வடிவமைப்பாளராக இருந்தார். பகலில் சேலைக்கரை, இரவில் ஓவியம். இரவு செய்தது கலைக்கூடத்துக்குப் போயிற்று. பகலில் செய்தது கடைக்குப் போய், உடுத்தி, கிழிந்து மறைந்தது. இந்தப் பாகுபாடு எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. சோழமண்டலத்தின் அந்தக்காலப் பாட்டிக் துணிகளைத் தேடிச் சேர்த்து ஒரு கண்காட்சி நடத்தவேண்டும் என்று விரும்புகிறேன்.

“சரி தம்பி, அழகா செஞ்சிருக்காங்க, கஷ்டப்பட்டு செஞ்சிருக்காங்க. அதுல என்ன சொல்ல வாறாங்க?” என்றார் அத்தாச்சி. மகளிடம் பேச அவருக்கு இது தேவைப்பட்டது.

துணிக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அது போகாத ஊரில்லை. இந்த நார்த்தாமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலத்தில் இது வணிகர்களின் ஊர். நானாதேசி திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகக் குழு இங்கே தங்கித் தழைத்தது. அதே ஐந்நூற்றுவர் 1088இல் சுமத்ராவின் பாருஸ் துறையில் தமிழில் கல்வெட்டு வெட்டிவைத்தார்கள். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தின் பிரான்மலைக் கல்வெட்டு, வணிகர்கள் கோயிலுக்கு எந்தச் சரக்குக்கு எவ்வளவு கொடுப்பது என்று பட்டியல் போடுகிறது. மிளகு, பாக்கு, சந்தனத்தோடு பருத்தியும் நூலும் புடவையும் அதில் வருகின்றன. நெய்கிறவர் தறிக்கு வரி கட்டினார். அதற்குத் தறியிறை என்று பெயர். பிற்காலத்தில் சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் ஐரோப்பாவில் எக்கச்சக்கமாக விற்றன. உள்ளூர்ப் பட்டு நெசவாளர்களும் கம்பளி நெசவாளர்களும் கொதித்தெழ, பிரான்ஸ் 1686இல் அச்சுத்துணிக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றியது. ஒரு துணியைப் பார்த்து இரண்டு அரசாங்கங்கள் பயந்திருக்கின்றன. லாவண்யா மணி என்ற கலைஞர் கலம்காரி முறையிலேயே, மூலிகைச் சாயத்திலேயே இந்தக் கப்பல், வணிக, ஆதிக்கக் கதைகளை எழுதுகிறார். எந்தத் துணி கப்பலேறியதோ அந்தத் துணியே கதை சொல்கிறது. காகிதத்தில் வரைந்திருந்தால் இந்த வலு வந்திருக்காது.

கிழிசலும் பேசும். மறைந்த பிரியா ரவீஷ் மெஹ்ரா உத்தரப்பிரதேசத்து நஜீபாபாத்தின் ரஃபுக்காரர்களோடு நெடுங்காலம் வேலை செய்தவர். ரஃபு போடுகிறவரின் திறமை, கிழிந்த இடமே தெரியாமல் இழை கோப்பதில் இருக்கிறது. வேலை எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவுக்குச் செய்தவர் காணாமல் போகிறார். மெஹ்ரா அந்தத் தைத்த இடத்தைத் தெரியும்படி காட்சிக்கு வைத்தார். இலங்கையில் ஹேமா ஷிரோனி நூலும் ஊசியும் கொண்டு வீடிழந்ததையும் ஊர் மாறியதையும் தைக்கிறார். வார்த்தைக்கு வராத சில விஷயங்களைத் தையல் சொல்லிவிடும். அத்தாச்சி இதற்கு ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

இனி, அறைக்குள் நுழைந்த பிறகு செய்யவேண்டியவை. வெளிச்சம் குறைவாக இருக்கும். காசு மிச்சம் பிடிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். சாயத்துக்கு வெளிச்சம் எதிரி. ஒருமுறை வெளுத்த சாயம் திரும்ப வராது. பழந்துணிகளைக் காட்டும் அருங்காட்சியகங்கள் சுமார் 50 லக்ஸுக்குமேல் ஒளி விழாமல் பார்த்துக்கொள்கின்றன. சில மாதங்களில் துணியை இறக்கி இருட்டறையில் ஓய்வுக்கு வைக்கின்றன. புதிய படைப்புகளுக்கும் பல இடங்களில் இதே கவனம் உண்டு. ஆகவே உள்ளே போனதும் கண் பழக இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

தொடாதீர்கள் என்று எழுதியிருப்பார்கள். துணியைக் கண்டதும் விரல் நீளுவது இயல்பு. தையற்காரருக்கு அதை அடக்குவது இன்னும் கடினம். விரலின் வியர்வையும் எண்ணெயும் உப்பும் இழையில் ஏறித் தங்கிவிடும். ஆயிரம் பேர் தொட்டால் அந்த இடம் கறுத்துப்போகும். நல்ல கண்காட்சிகளில் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு துண்டு நூலையோ துணியையோ தனியாக வைத்திருப்பார்கள். கண்ணில் படாவிட்டால் கேளுங்கள்.

முதலில் தூரத்தில் நின்று முழுதாகப் பாருங்கள், பிறகு நெருங்கிப் போங்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. பக்கவாட்டில் போய்ப் பாருங்கள், எவ்வளவு தடிமன், எங்கே பிதுங்குகிறது என்று தெரியும். முடிந்தால் பின்பக்கம் போங்கள். பூத்தையலின் உண்மை அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. நூல் எங்கிருந்து எங்கே தாவியது, எங்கே தீர்ந்து புது நூல் கோத்தார், எங்கே பிரித்துத் திரும்பப் போட்டார் என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். சுவரில் விழும் நிழலையும் விடாதீர்கள். தொங்கும் படைப்புக்கு நிழல் பாதி.

பிறகு சீட்டைப் படியுங்கள், முக்கியமாகப் பொருள்களின் பட்டியலை. பருத்தியா, பனையோலையா, நைலான் மீன்வலையா என்பது படைப்பின் பொருளையே மாற்றிவிடும். எடுத்துக்காட்டு வேண்டுமா? நம் பத்தமடைப் பாயின் நெசவை எடுத்துக்கொள்ளுங்கள். கோரையை ஆற்றில் ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்து, பருத்திப் பாவில் நெய்வார்கள். பட்டுப்பாய் என்றே பெயர். தரையில் கிடக்கவேண்டிய புல், பட்டுபோல மெல்லிய துணியாகிவிட்டது என்று தெரிந்தபிறகு நாம் பார்க்கும் பார்வையே வேறு.

எல்லாவற்றையும் பாராட்டவேண்டியதில்லை. பெரிதாக இருப்பதாலேயே ஒரு படைப்பு பெரியதாகிவிடாது. அறை முழுக்கச் சிவப்பு நூலைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டிவிட்டு, வேறு யோசனை இல்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் படமெடுக்க நன்றாக இருக்கும், அதோடு சரி. நூலுக்குப் பதில் கம்பியைக் கட்டியிருந்தாலும் இதே மாதிரிதான் இருந்திருக்கும் என்று தோன்றினால், அந்தப் படைப்பில் நூலுக்கு வேலையில்லை. அப்படித் தோன்றுவதை மகளிடம் சொல்லவும் தயங்க வேண்டாம் என்றேன்.

இன்னொன்றும் சீட்டில் பாருங்கள்: யார் நெய்தார்கள், யார் தைத்தார்கள்? பெரிய நெசவுப் படைப்புகளைப் பல கலைஞர்கள் தாங்களே நெய்வதில்லை, வடிவம் கொடுத்து நெசவாளரிடம் செய்துவாங்குகிறார்கள். அதில் தவறில்லை, கட்டடமும் அப்படித்தான் எழுகிறது. ஆனால் நெய்தவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். 1980களில் மார்தாண்ட் சிங் முன்னின்று நடத்திய விஸ்வகர்மா கண்காட்சிகள் நெசவாளரையும் சாயக்காரரையும் கலைஞர் என்ற மரியாதையோடு முன்னால் கொண்டுவந்தன. 2015இல் குர்கானில் தேவி கலை அறக்கட்டளை நடத்திய ‘ஃபிராக்சர்’ கண்காட்சியில் வடிவமைப்பாளர்களும் கலைஞர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து நெசவின் பழைய முறைகளிலிருந்து புதியவற்றை எடுத்தார்கள். மகளின் கல்லூரிக் காட்சியிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். “ஏம்மா, இதுக்குத் துணி நெஞ்சது யாரு?” கேட்டால் மாணவர்கள் யோசிப்பார்கள்.

அத்தாச்சிக்கு அடுத்து ஒரு கேள்வி இருந்தது. “இத பாக்க மெட்ராஸ் போகணுமா? இங்க பக்கத்துல எங்கயும் வெக்க மாட்டாங்களா?”

வைக்கலாம், வைக்கவேண்டும். திருக்கோகர்ணத்தில் 1910இலேயே தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரே ஓர் அறை போதும். தேர்த்தொம்பை ஒன்றை மேலேயிருந்து தொங்கவிட்டு, கீழே சுற்றிவர இடம் விடலாம். செட்டிநாட்டு ஆச்சிமார் சாயம் தோய்த்த பனையோலையில் பின்னி, விளிம்பில் மணி கோத்த கொட்டான்களை அடிப்பக்கமும் தெரியக் கண்ணாடிமேல் வைக்கலாம். ஓலை எங்கே வளைந்து சுவராக எழுகிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை ஒன்றைப் பிரித்து, கட்டமும் கரையும் சேரும் இடம் கண்மட்டத்தில் வரும்படி மாட்டலாம். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஒரு சீட்டில் எழுதினால் போதும். பக்கத்துச் சுவரை இன்றைய கலைஞர் ஒருவருக்குக் கொடுத்து, இவற்றைப் பார்த்து ஒன்று செய்யச் சொல்லலாம். பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு மேசையில் பாவு கட்டிய சின்னத் தறி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் செய்தவர் பெயர், ஊர், ஆன நாள்.

இப்படி ஒரு கோரிக்கையை அருங்காட்சியகத்துக்கு எழுதுவதென்று திண்ணையிலேயே பேசிக்கொண்டோம். தொம்பை தைக்கிறவர்கள் யார் யார், எந்தெந்த ஊர் என்று கோயில் வேலைக்காரர்களிடம் விசாரித்துப் பெயர் சேர்க்கும் பொறுப்பை அத்தாச்சி எடுத்துக்கொண்டார். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அப்படி ஒரு குடும்பத்தைத் தெரியும் என்றால், அவர்களுடைய பெயரை அவர்கள் சம்மதத்தோடு எங்களுக்கும் அருங்காட்சியகத்துக்கும் எழுதுங்கள்.